ஈசானிய மூலைக் குழி

— அக்கா, யாரு தண்ணி ஊத்துனது? நெசத்தச் சொல்லுங்க. ராத்திரி மழையும் இல்ல, பனியும் இல்ல. குழிக்குள்ள தண்ணி நிக்குது.

— பாப்பா, முதல்ல டீயக் குடி. ஆறிப்போகுதுல்ல.

— டீ இருக்கட்டும் அன்னக்கொடியக்கா. இன்னைக்குக் காலையில காங்கிரீட் லாரி வருது. குழிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இறங்கக் கூடாதுன்னு நேத்து சாயங்காலம் நானே நின்னு தார்ப்பாய் போட்டு மூடுனேன். இப்ப தார்ப்பாயும் மேல இல்ல. மடிச்சு ஓரமா வச்சிருக்கு. பொடவை மடிச்ச மாதிரி!

— மடிச்சது நான்தேன். ஊத்துனதும் நான்தேன். அதுக்கென்ன இப்போ?

— நீங்க யாருய்யா?

— கேட்டுக்க அன்னம், நான் யாருன்னு கேக்குது இந்தப் புள்ள. இவ கூடப் பெறந்த அண்ணன் தாயி. பேரு சிவனாண்டி. எழுமலையில இருந்து கோழி கூப்புடக் கிளம்பி இந்தச் சமயநல்லூருக்கு வந்து சேந்திருக்கேன். நீ யாரு?

— நான் சத்யப்ரியா. இந்த வீட்டுக்கு இஞ்சினியர்.

— இஞ்சினியரம்மாவா! அப்ப உன்னையத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். தங்கச்சி வீடு கட்டுறான்னு வாரேன், அஸ்திவாரத்துக்கு நீளமா வானம் தோண்டிப் போட்டிருப்பாகன்னு வாரேன். இங்க வந்து பாத்தா வானத்தையே காணோம். எலி வளை மாதிரி அங்கொரு குழி, இங்கொரு குழி. என்னத்தச் சொல்ல.

— அண்ணே, நான் போன்ல சொல்லணும்னுதான் இருந்தேன். கடையில இட்லிக்குக் கூட்டம், மறந்துபோச்சு.

— நீ மறப்ப. நான் மறக்க முடியுமா? பொறந்த வீட்டுக் கெணத்துத் தண்ணிய அண்ணன்காரன் கொண்டாந்து வானத்துல ஊத்தணும். அது எங்க குடும்பத்து வழக்கம் இஞ்சினியரம்மா. எந்தக் குழி எனக்குரிய குழின்னு கேக்க ஆளு இல்ல, இவ கடைக்குப் போயிட்டா. ஒண்ணுக்கு ஊத்தி ஒண்ண விட்டா நல்லாருக்குமா? அதான் எல்லாத்துக்கும் ஊத்துனேன்.

— எம்புட்டு ஊத்துனீங்க?

— குறையில்லாம ஊத்துனேன். குடத்துல கொண்டாந்தா வழியெல்லாம் தளும்பிப் போகும்னு, குட்டியானை வண்டியப் பிடிச்சு அதுல தண்ணி டேங்க ஏத்திட்டு வந்தேன்.

— டேங்கா!

— ஆத்தாடி, ஒரு செம்பு போதும்ணே! ஒரு செம்பு!

— ஒரு செம்புத் தண்ணிக்கு எழுமலையில இருந்து வரணுமா? அண்ணன் சீர அளந்தா செய்வான்?

— ஒரு நிமிஷம், ரெண்டு பேரும் இருங்க. போன் பண்ணிக்கிறேன்... அண்ணே, சத்யப்ரியா பேசுறேன். லோடு ஏத்திட்டீங்களா? இன்னும் இல்லையா, நல்லதாப் போச்சு. ஏத்தாதீங்க. குழி நனைஞ்சிருச்சு. மத்தியானத்துக்குத் தள்ளி வச்சுக்குவோம். நான் கூப்புட்டுச் சொன்ன பிறகு ஏத்துங்க.

— பாப்பா, எல்லாம் போச்சா?

— ஒண்ணும் போகலக்கா. பயப்படாதீங்க. தண்ணிய இறைச்சு, சேற வழிச்சு, ஊறுன மண்ணச் சுரண்டி எடுத்தா குழி பழையபடி ஆயிரும். வேலையாளுங்க வந்துட்டாங்க, இப்பவே ஆரம்பிச்சிடுறோம். மத்தியானம் காங்கிரீட் போட்டிடலாம்.

— போட வேண்டாங்குறேன்.

— என்னய்யா?

— இந்தக் குழி வேலையே வேண்டாங்குறேன். எல்லாத்தையும் மூடு. நல்லா நீளமா வானம் தோண்டு, கருங்கல்லு போட்டுக் கட்டு, வாழ்ந்துட்டுப் போகட்டும். இல்லையா, நான் வண்டிய எடுத்துட்டுக் கிளம்புறேன்.

— அண்ணே! போன வீட்டுக்கும் இப்படித்தான கிளம்பிப் போன? இன்னைக்குமா?

— அது வேற.

— என்ன வேற? அதுக்கு முந்துன விசேஷத்துல நீ உக்காந்திருந்த பந்தியில சாம்பார் ரெண்டாவது தடவ வரலன்னு இலையில இருந்து எந்திரிச்சுப் போன. வானம் தோண்டுற அன்னைக்கு எம் மாமியா வாசல்லயே நிக்கிறாக, அண்ணன் தண்ணி வரும் வரும்னு. வரல. வீடு கட்டி முடிச்ச மறு கோடையில செவுரு பிளந்துச்சு. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும். கதவச் சாத்துனா சாத்தாது, தொறந்தா தொறக்காது. ஊரே என்ன பேசுச்சு தெரியுமா? கூடப் பெறந்தவன் தண்ணி ஊத்தாத வீடு நிக்காதுன்னு பேசுச்சு. எம் வீட்டுக்காரரு அந்தப் பிளவப் பாத்துக்கிட்டேதான் கண்ண மூடுனாரு. இத்தனை வருசம் இட்லி ஊத்தி, இந்த மனைய வாங்கி, உங்கிட்ட வந்து காலப் பிடிக்காத கொறையாக் கூப்பிட்டது எதுக்கு? இந்த வீடாவது நிக்கணும்னுதான.

— ம்.

— இதுவும் பிளந்துச்சுன்னா நான் இன்னொன்னு கட்ட முடியாதுண்ணே. அம்புட்டுத்தான்.

— அக்கா, அழாதீங்க. ஐயா, நீங்களும் கொஞ்சம் உக்காருங்க. அந்தா, மூலைக் குழி ஓரத்துல கெடக்கிற அந்த நீளக் கல்லுல.

— எது, இந்தச் சாக்கு விரிச்சதா?

— துவைக்கிற கல்லுண்ணே. மனை வாங்கும்போதே கெடந்துச்சு. பாதி மண்ணுக்குள்ள இருக்கு, பேத்தெடுக்க முடியல. சிமிட்டிச் சாக்க மேல விரிச்சு வச்சிருக்கேன், உக்காரு.

— உக்காந்தாச்சு. சொல்லு இஞ்சினியரம்மா, என்ன சொல்லப் போற?

— அந்தப் பழைய வீடு பிளந்ததுக்கும் உங்க தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. அந்த மனை என்ன மண்ணு?

— கரிசல்.

— இது?

— இதுவும் கரிசல்தான். முன்னாடி பருத்திக்காடு.

— அவ்வளவுதான் விஷயம். அக்கா, உங்க இட்லி மாவு ராத்திரி என்ன பண்ணும்?

— பொங்கும். அண்டா மூடியத் தூக்கிக் கீழ தள்ளும்.

— கரிசலும் அதே வேலையத்தான் செய்யும். மழை பெஞ்சா தண்ணியக் குடிச்சுப் பொங்கும். மேல வீடு இருக்கேன்னு பாக்காது, மூடியத் தூக்குற மாதிரி தூக்கும். கோடையில காஞ்சு சுருங்கும், வெடிப்பு விடும். தூக்குறதும் எறக்குறதும் எல்லாப் பக்கமும் ஒண்ணாவும் நடக்காது. ஒரு மூலை மேல போகும், ஒரு மூலை கீழ எறங்கும். செவுரு என்ன செய்யும் பாவம்? பிளக்கும். ஆனா கவனிங்க, இந்தப் பொங்குறது சுருங்குறது எல்லாம் மேல் மண்ணுலதான். ரெண்டாள் ஆழம் போயிட்டா, வெயிலும் மழையும் எட்டாது. அங்க மண்ணு வருசம் பூரா ஒரே மாதிரி கெடக்கும்.

— சரி.

— அதனால வீட்ட மேல் மண்ணுல உக்கார வைக்கல. கீழ, அந்த அசையாத மண்ணுல போய்ப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி தூண் எறக்குறோம். அதுக்குத்தான் இந்தக் குழி. பைல்னு சொல்லுவோம்.

— பைலா? தாலுகா ஆபீஸ்ல கக்கத்துல வச்சுக்கிட்டு அலைவாகளே?

— அது வேற, இது வேறய்யா. இந்தச் சொல்லுக்குப் பெரிய கதை இருக்கு. பாலிடெக்னிக்ல படிக்கும்போது, ஒரு தூணுக்கு ஏன் இப்படிப் பேரு வச்சான்னு எனக்குத் தூக்கமே வரல. அகராதியப் போட்டுப் புரட்டுனேன். அந்தக் காலத்து ரோமாபுரிச் சிப்பாய் கையில எறியிற ஈட்டி ஒண்ணு வச்சிருப்பான். அதுக்குப் பேரு பீலும். அந்தச் சொல்லு அப்படியே நடந்து இங்கிலீஷ்காரன் ஊருக்குப் போச்சு. அங்க முதல்ல ஈட்டி, அம்பு, அப்புறம் கூரு சீவுன கம்பு. சேத்துலயும் ஆத்துலயும் வீடு கட்ட, பாலம் கட்ட, அந்த மாதிரி கூரு சீவுன மரத்த வரிசையா அடிச்சு எறக்குனான். அதுக்கும் அதே பேரு ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு மரமும் இல்ல, கூரும் இல்ல. கம்பியும் காங்கிரீட்டும்தான். ஆனா பேரு மட்டும் பழைய ஈட்டியோட பேரு.

— ஈட்டியா?

— ஈட்டிதான்.

— அட, அத முதல்லயே சொல்ல வேண்டியதுதான! எங்க கருப்புசாமி கோயில் வாசல்ல வேல்கம்பு நட்டு வச்சிருக்கோம். எங்க தாத்தன் காலத்துல நட்டது. ஆடாது, அசையாது. கேட்டுக்க அன்னம், உன் வீட்டுக்கு அடியில வேல்கம்பு நடுதாம் இந்தப் புள்ள.

— அப்படியே வச்சுக்கோங்கய்யா.

— ஆனா ஒரு சந்தேகம். வேல்கம்பு கீழ கூரா இருக்கும். விடியக்காலம் டார்ச்ச அடிச்சுப் பாத்தேன், உன் குழி அடியில கூரா இல்ல. பானை வயிறு மாதிரி உப்பிக் கெடக்கு. மெஷின்காரன் தெரியாம வெட்டிட்டானா?

— அதக் கவனிச்சீங்களா? அதுதான் இதுல இருக்கிற சூட்சுமமே. வேணும்னே வெட்டுனது. மேல இருந்து அடி வரைக்கும் ஒரே அகலமா தொளை போட்டுட்டு, அப்புறம் இன்னொரு கருவிய எறக்குவோம். மடக்குன குடை மாதிரி உள்ள போகும். அடியில போய் உக்காந்ததும் மேல இருந்து அமுக்குனா கத்தி ரெண்டு பக்கமும் விரியும். சுத்தச் சுத்த, மண்ணச் சீவிக்கிட்டே வயிறு எடுக்கும். சீவுன மண்ணு அதுலயே இருக்கிற வாளியில விழுந்திரும். மறுபடி மடக்கி மேல எடுத்துருவோம். இதுக்கு அண்டர் ரீம்னு பேரு. அண்டர்னா அடியில. ரீம்னா விரிச்சு இடம் பண்றது. நம்ம ரூம்னு சொல்றோம் பாருங்க, அந்தச் சொல்லுக்கு இது பங்காளி முறை.

— அப்ப அடியில ஒரு ரூமு எடுக்குறீக.

— ஆமா. அதுல காங்கிரீட் போய் நெறைஞ்சா கீழ குண்டாக் கிழங்கு மாதிரி ஆயிரும். நீங்க விவசாயி. முள்ளங்கியப் பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்?

— கையோட வரும்.

— கருணைக்கிழங்க?

— தண்டு பிஞ்சு கையில வரும். கிழங்கு வராது.

— மேல் மண்ணு பொங்கி வீட்டத் தூக்கப் பாக்கும்போது, இந்தக் கிழங்கு கீழ இருந்து விட மாட்டேங்கும். சுருங்கும்போதும், குண்டா இருக்கிறதால கீழ அமுங்கிப் போகாது. எல்லாக் கிழங்கையும் மேல ஒரு சட்டம் போட்டு இணைச்சு, அது மேலதான் செவுரு. அந்தச் சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விடுவேன். மண்ணு பொங்குனா பொங்கட்டும், வீட்டத் தொடாது.

— வீடு மண்ணத் தொடாதா? மண்ணத் தொடாம நின்னா அது வீடா, பரணா?

— மண்ணத் தொட்ட வீடு என்னாச்சுன்னுதான் பாத்தியேண்ணே! நீ சும்மா இரு. பாப்பா சொல்றது எனக்கு விளங்குது. மெஷின் வந்த அன்னைக்கு நான் முழுக்க நின்னு பாத்தேன். மத்த குழிக்கெல்லாம் அது முக்கி முனகுச்சு. அந்த வடகிழக்கு மூலை மட்டும் அல்வாவுல கரண்டி எறங்குன மாதிரி எறங்குச்சு. ஈசானிய மூலையில சாமியே வழி விட்டுச்சுன்னு மெஷின்காரருக்கு ரெண்டு வடை சேத்துக் குடுத்தேன்.

— ஆமா, அவரும் சொன்னாரு, அந்த மூலை லேசுல முடிஞ்சிருச்சுன்னு. சரிங்கய்யா, பேச்சு போதும். ஆளுங்க ஒரு பக்கம் இறைச்சு முடிச்சிட்டாங்க. நான் ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வாரேன். அக்கா, ஒரு கண்ணாடி இருந்தா குடுங்க.

— மொகம் பாக்குற கண்ணாடியா? இப்ப எதுக்குத் தாயி?

— வெயில இதுல வாங்கி உள்ள அடிச்சா அடி வரைக்கும் பளிச்சுன்னு தெரியும். டார்ச்ச விட நல்லாருக்கும். நீங்களும் வாங்கய்யா, பாருங்க. இதோ, இது வழிச்சாச்சு, சுத்தம். இதுல வயித்துப் பக்கம் கொஞ்சம் சேறு ஒட்டியிருக்கு, எடுக்கச் சொல்றேன். இது சரி. இதுல இன்னும் இறைக்கவே இல்ல, தண்ணி கெடக்கு. இது... அக்கா, இந்த மூலைக் குழிய முதல்லயே இறைச்சிட்டாங்களா?

— இல்லையே பாப்பா. ஆளுக இந்தப் பக்கமே இன்னும் வரலயே.

— அப்புறம் எப்படி இது காஞ்சு கெடக்கு? மத்ததெல்லாம் முழங்கால் தண்ணி நிக்குது. ஐயா, இதுக்கு மட்டும் நீங்க ஊத்தலையா?

— அத விடு தாயி, அடுத்த குழியப் பாரு.

— அண்ணே. பாப்பா கேக்குதுல்ல.

— என்னத்தச் சொல்ல.

— ஈசானிய மூலைண்ணே இது. முறை செய்யிற மூலையே இதுதான். ஊருக்கெல்லாம் ஊத்துன மாதிரி எல்லாக் குழிக்கும் ஊத்திட்டு, இத மட்டும் விட்டுட்டியா? பந்தியில சாம்பார் ஊத்தலன்னு இன்னும் மனசுல வச்சிருக்கியா? அதுக்குப் பேசாம வராம இருந்திருக்கலாமே!

— அன்னம், வாய மூடு.

— ஏன் மூடணும்? குழிய மூடு, வானம் தோண்டுன்னு காலையில இருந்து நீ குதிச்சது இதுக்குத்தானா? விட்டது வெளிய தெரிஞ்சிரும்னுதான?

— விடல! நான் விடலடி. அங்கதான் முதல்ல ஊத்துனேன். அப்பன் ஆத்தாள நெனச்சு முதக் குடத்த அங்கதான் ஊத்துனேன். மத்த குழிக்குப் போயி ஊத்திட்டுத் திரும்பி வந்து பாக்குறேன், இங்க தண்ணியக் காணோம். மறுபடி ஊத்துனேன். நிக்கல. குடம் குடமா ஊத்துனேன் அன்னம், பாதி டேங்கு இந்த ஒரு குழிக்குத்தான் போச்சு. எல்லாக் குழியும் ஏத்துக்கிச்சு, இந்த மூலை ஏத்துக்கல. போன வீட்டுக்கு வராதவன் தண்ணி எதுக்குன்னு ஒதுக்குற மாதிரி இருந்துச்சு. இத உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? இந்த மூலை மேல நீ வீட்டக் கட்டி, அதுவும் பிளந்துட்டா? அதான் வேண்டாம்னேன்.

— அண்ணே...

— ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். ஐயா, திரும்பச் சொல்லுங்க. பாதி டேங்கு இதுல போச்சா?

— போச்சு.

— போன தண்ணி திரும்ப மேல வரவே இல்ல?

— வந்தா நான் ஏன் தாயி இப்படி உக்காந்திருக்கேன்?

— ஐயா, கரிசல் தண்ணிய இப்படிக் குடிக்காது. மெதுவா ஊறும், பொங்கும், குளம் மாதிரி நிறுத்தி வைக்கும். மத்த குழியெல்லாம் அதத்தான் செஞ்சிருக்கு. பாதி டேங்கு தண்ணி ஒரு விடியக்காலத்துக்குள்ள போகுதுன்னா, அடியில இருக்கிறது நாம நெனச்ச மண்ணு இல்ல. அள்ளிக் கொட்டுன மண்ணு. பொலபொலன்னு கெடக்கு. அதான் மெஷினும் லேசுல எறங்கியிருக்கு. வெளிய வந்த மண்ணு கருப்பா இருந்துச்சு, நானும் கரிசல்னு விட்டுட்டேன். எனக்கு அன்னைக்கே தட்டியிருக்கணும்.

— அள்ளிக் கொட்டுனதா? எதுல பாப்பா?

— அதத்தான் பாக்கணும். பருத்திக்காடுன்னு சொன்னீங்களேக்கா, காட்டுக்குத் தண்ணி எங்க இருந்து பாஞ்சுச்சுன்னு மனை வித்தவங்க சொன்னாங்களா?

— யாரு சொன்னா? கல்லு நட்டு, கயிறு பிடிச்சுக் குடுத்தாக. வாங்குனேன்.

— ஐயா, நீங்க உக்காந்திருந்தீங்களே, அந்தக் கல்லு மேல இருக்கிற சாக்க எடுங்க. அந்த மண்ணையும் கொஞ்சம் தள்ளுங்க. அந்தத் தலைப்பக்கம்.

— இந்தா, எடுத்தாச்சு. தொளை ஒண்ணு இருக்கு. கட்டை கோக்குற தொளை... ஏ அன்னம்! இதுலயா துணி துவைக்கிற? இது கமலைக் கல்லுடி! மாடு பூட்டித் தண்ணி இறைக்க நட்டிருக்கிற கல்லு! நம்ம வீட்டுக் கெணத்து வாயில ஜோடியா நிக்குதே, அதே கல்லு! இது மேல உக்காந்துக்கிட்டா நான் இம்புட்டு நேரம் வாயாடிக்கிட்டு இருந்தேன்?

— ஆத்தாடி... அப்ப எம் வீடு?

— உங்க வீடு நிக்கும்க்கா. நான் நிறுத்துறேன். தெக்க தள்ளிக்குவோம், அங்கிட்டு நிறைய இடம் கெடக்கு. முதல்ல லாரிய நிறுத்தணும்... அண்ணே, சத்யப்ரியா. ஏத்த ஆரம்பிச்சிடாதீங்க, இன்னைக்கு வேண்டாம். மத்தியானமும் வேண்டாம்.

— ஈசானியத்துல கெணறு! அன்னம், தேடுனாலும் அமையுமாடி இப்படி? மூலையில கெணறு, அதுக்குத் தெக்க வீடு. தூர் வாரிக் குடுக்குறது என் பொறுப்பு. எழுமலையில இருந்து ஆளக் கொண்டாரேன்.

— முதல்ல நீ சாப்பிட வாண்ணே. சாம்பார நானே ஊத்துறேன். வேண்டாம்னு சொன்னாலும் ஊத்துவேன்.

— லைன்லதான் இருக்கேண்ணே... இல்ல, மழை இல்ல. குழியெல்லாம் இறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, அது பிரச்சினை இல்ல. மூலைக் குழிக்கு அடியில மூடுன கெணறு இருக்கு. ஆமா, கெணறுதான். இன்னைக்குக் காங்கிரீட் போட்டிருந்தா அந்த மூலைய அது மேலதான் நிறுத்தியிருப்பேன்... மண்ணு சோதனையில தெரியலண்ணே, மெஷின்லயும் தெரியல. எப்படித் தெரிஞ்சதா? வீட்டுக்காரம்மாவோட அண்ணன் எழுமலையில இருந்து வந்து, டேங்கு நிறையத் தண்ணி ஊத்திக் கண்டுபிடிச்சாரு.